நாலு முத்தும் ஒரு வாளி பெர்க்கும்

நான் படித்த படிப்பு எனக்கு உருப்படியாகக் கைகொடுத்தது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான். அன்றைக்குத்தான் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

படிப்பு பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. எங்கள் தெருவில் நான்தான் முதல் பட்டதாரி. (இரண்டாவது பட்டதாரி வரும்வரை நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.) தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து, பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க ஆரம்பித்திருந்த எழுபதுகள். கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு இனி வேலை வீட்டுக் கதவைத் தட்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தட்டியது ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப். கப்பலில் பாரம் தூக்கும் விஞ்ச் மோட்டார்களைக் கழற்றிக் கொண்டுவருவார்கள். அதில் வருஷக்கணக்காக அப்பிக்கிடக்கும் கிரீஸைக் கழுவ வேண்டும். அதுதான் வேலை. கழுவுவதற்கு எதற்கடா பட்டம் என்று அம்மா கேட்டாள்.

பதில் ஒர்க்‌ஷாப் மூலையில் ஒரு பீப்பாய்க்குள் இருந்தது. அதில் இருந்த திரவத்தின் முழுப்பெயர் பெர்குளோரோ எத்திலீன். அதை மூச்சு விடாமல் சொல்லத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு அது வெறும் பெர்க்கு. பெரிய ஊர்களில் கோட்டு சூட்டையெல்லாம் டிரைகிளீனிங் செய்வது இதில்தான். டிரை என்றதும் ஈரமே படாமல் உதறி எடுப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக முக்கி அலசித்தான் எடுப்பார்கள். தண்ணீரில் இல்லை, அவ்வளவுதான் சங்கதி. கம்பளித் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும், பெர்க்கு பட்டால் சுருங்காது. எண்ணெய், மெழுகு, கிரீஸ் எதுவானாலும் கரைத்துக்கொண்டு போய்விடும். காற்றில் விரித்தால் தானாகக் காய்ந்துவிடும். பெட்ரோலும் இந்த வேலையைச் செய்யும்தான், ஆனால் பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தால் துணியும் இருக்காது, பீடியும் இருக்காது, அவரும் இருக்க மாட்டார். பெர்க்கில் தீப்பிடிக்காது. தண்ணீரைவிடக் கனம் வேறு, ஒரு டம்ளர் தண்ணீரில் ஊற்றினால் நேராக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் குணங்களையெல்லாம் நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர், எனக்கு முடிவெட்டுகிறவர், துக்க வீட்டில் எனக்கு அருகில் நின்றவர், ஒருவரும் தப்பவில்லை. சொந்தக்காரப் பையன் கலெக்டர் ஆகிவிட்டதுபோல அந்தத் திரவத்தைப் பற்றிப் பேசுவேன்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் அதுதான் நடந்தது. பெண்ணின் பெயர் ரெஜினா. அவள் அப்பா கபிரியேல் மாமா, கொழும்புக்குச் சரக்குத் தோணி விட்ட குடும்பம். கட்டை மீசை, கடற்காற்றில் கரகரத்துப்போன குரல். வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு எடுத்த எடுப்பில் கேட்டார்.

“மாப்ள என்ன சோலி பாக்கீரு?”

“மோட்டார் கழுவுதேன் மாமா.”

“கழுவுதீரா?”

அந்த ஒரு வார்த்தையில் என் பட்டம், என் சம்பளம், நான் போட்டிருந்த புதுச்சட்டை எல்லாம் ஒரு சுற்று சிறுத்துப்போயின. ஆனால் இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே சட்டைப்பையில் ஒரு சின்னப் பாட்டிலில் பெர்க்கு கொண்டுபோயிருந்தேன். (அம்மா அதை சென்ட் பாட்டில் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தாள்.) எனக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீரிலேயே கொஞ்சம் ஊற்றி, அடியில் உட்காருகிறது பாருங்கள் என்றேன். பிறகு சாசரில் கொஞ்சம் ஊற்றி, எரிகிற தீக்குச்சியை அதற்குள் போட்டேன்.

மாமி “மாதாவே!” என்று அடுக்களைக்குள் ஓடினார். மாமா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். என் அம்மா என்னைப் பெற்ற நாளை நினைத்துக்கொண்டாள். தீக்குச்சி சுர்ரென்று அணைந்தது. ஒருவரும் மூச்சுவிடாத அந்த நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கையால் வாயைப் பொத்தியும் அடங்காமல் கொப்பளித்துக்கொண்டு வருகிற சிரிப்பு. எல்லோரும் மிரண்டுபோன வீட்டில் எனக்காகச் சிரித்த அந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்வது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவள் சிரித்தது என் சோதனையைப் பார்த்து இல்லை, என் மூஞ்சியைப் பார்த்து என்பது பிறகுதான் தெரிந்தது. இருந்தாலும் முடிவு முடிவுதான்.

எப்படியோ பேசி முடித்தார்கள். எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லலாம் என்று பூசையில் எல்லோர் முன்னாலும் அறிவிப்பது. மூன்று ஓலையும் வாசித்தாகிவிட்டது. ஒரு தடையும் வரவில்லை. அதற்கு மறுநாள் கபிரியேல் மாமாவும் மாமியும் என் கல்யாணக் கோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

மாப்பிள்ளைக்குக் கோட்டு பெண் வீட்டிலிருந்து வருவது சகஜம்தான். ஆனால் இந்தக் கோட்டில் சங்கதி துணியில் இல்லை, பொத்தானில் இருந்தது. கறுப்புக் கம்பளிக் கோட்டில் நாலு முத்துப் பொத்தான், பால் வெள்ளையில் பளபளவென்று. மாமா கோட்டைக் கட்டிலில் விரித்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

“எங்க தாத்தா காலத்து முத்துக்குளிப்புல பங்கா வந்தது. அஞ்சு முத்து. வித்திருந்தா தோணி வாங்கியிருக்கலாம். விக்கல. வெள்ளிக் கொக்கி போட்டுப் பொத்தானாக்கி வச்சாரு. எங்க வீட்டு மாப்ளமாரு எல்லாருக்கும் கல்யாணத்தன்னைக்கு இந்த நாலும் கோட்டுல ஏறும். அஞ்சாவது அலமாரியில இருக்கும். நாலு வெளிய போனாலும் ஒண்ணு வீட்டோட இருக்கணும்லா?”

அலமாரிச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு அதிசயம் சொல்லுதேன் கேளும். கோட்டுல ஏறின முத்துக்குத்தான் மெருகு. வீட்டுல கெடக்கது பாவம், சோந்துபோயி மஞ்சளாக் கெடக்கு. கல்யாணக் களை முத்துக்கும் உண்டு, மருமகனே. அதப் பாக்கதுக்குக் கண்ணு வேணும். பத்தடி தள்ளி நின்னே நல்ல முத்து எது, போலி எதுன்னு நான் சொல்லிருவேன்.”

மாமி மட்டும் வேறு மாதிரிக் கவலைப்பட்டார். “மாப்ள, தேய்ப்புப் பெட்டி பொத்தான் மேல பட்டுராமப் பாத்துக்கோங்க. வெயில்லயும் போட்டுராதீங்க, என்ன?” என்று வாசல்படி இறங்கும்வரை சொல்லிக்கொண்டே போனார். குடும்பச் சொத்தின்மேல் எத்தனை அக்கறை என்று நான் உருகிப்போனேன்.

இப்படியொரு கோட்டு கைக்கு வந்த பிறகு அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியுமா? மறுநாள் அதை ஒரு வேட்டியில் சுற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரத்தில் போட்டுக் காட்டினேன். போட்டோ ஸ்டுடியோவில் நிற்பதுபோல ஒரு கையை இடுப்பில் வைத்து, கம்பீரமாகப் பின்னால் சாய்ந்தேன். பின்னால் இருந்தது அன்று காலையில்தான் கப்பலிலிருந்து இறங்கிய விஞ்ச் மோட்டார். அதை நான் இன்னும் கழுவவில்லை.

“ஏலே சூசை,” என்றார் போர்மேன் அண்ணாச்சி, சோற்றைப் பிசைந்துகொண்டே. “முதுகுல என்னலே, இலங்கை மேப்பா?”

கழற்றிப் பார்த்தேன். இலங்கைதான். யாழ்ப்பாணம் காலர் பக்கம், மாத்தறை இடுப்புப் பக்கம். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். நான் சிரித்தேன். கிரீஸ் கறை என்றால் எனக்கு என்ன பயம்? உலகத்தில் கிரீஸுக்கென்றே பிறந்த திரவம் என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சாயங்காலம் ஒரு தகர டின் நிறையப் பெர்க்கை வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அம்மா கல்யாணச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டில் பார்த்தால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று கதவைச் சாத்தினேன், ஜன்னல்களையும் சாத்தினேன். வாளியில் பெர்க்கை ஊற்றி, கோட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பொத்தான் ஞாபகம் வந்தது.

அறுத்து எடுத்துவிட்டு முக்கலாமா? எடுத்தால் திரும்பத் தைக்க வேண்டும். தைத்தால் நூல் மாறும். பத்தடி தள்ளி நின்று முத்தைப் பார்க்கிற மனுஷருக்கு நூல் தெரியாதா? அதனால் கெமிஸ்ட்ரியைக் கூப்பிட்டேன். முத்து என்பது என்ன? கால்சியம் கார்பனேட். சிப்பி, சுண்ணாம்பு எல்லாம் ஒரே வம்சம். அமிலம் பட்டால் அரிக்கும். பெர்க்கு அமிலமா? இல்லை. ஆகவே நாள் முழுக்க ஊறினாலும் முத்து கரையாது. “கரையவே கரையாது,” என்று வெறும் வீட்டில் சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கும் எந்தப் பரீட்சையில் வேண்டுமானாலும் எழுதுவேன். முழு மார்க் போட்டுத்தான் ஆக வேண்டும்.

கோட்டைப் பொத்தானோடு முக்கினேன்.

இந்த இடத்தில் பெர்க்கின் இன்னொரு குணத்தைச் சொல்ல வேண்டும். இதை மட்டும் நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. அதன் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் நாலு பக்கமும் திறந்து கிடக்கும், கடற்காற்று வாரிக்கொண்டு போய்விடும். இங்கேயோ கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திய அறை. அதில் தரையில் உட்கார்ந்து, வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு கசக்குகிறேன். லேசாக இனிப்பு வாடை. நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னும் நன்றாக இருந்தது. அதற்கும் கொஞ்ச நேரத்தில், பூசையில் பாடுகிற பாட்டை வாளிக்குப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தேன். (அந்த ஆவி தலையைச் சுற்றும், நாள்பட்டால் ஈரலைக் கெடுக்கும் என்றெல்லாம் இப்போது எழுதுகிறார்கள். அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்?)

கோட்டைத் தூக்கிப் பார்த்தேன். இலங்கையைக் காணோம்! யாழ்ப்பாணம் இல்லை, மாத்தறை இல்லை, ஒரு பொட்டு இல்லை. அதைவிடச் சுத்தமாக ஒரு கோட்டை மதுரையில் கூட வெளுத்துத் தந்திருக்க மாட்டார்கள். என் முதுகை நானே தட்டிக்கொடுத்தேன். பிறகு கோட்டை முன்பக்கம் திருப்பி, ஒரு பொத்தானைத் துடைக்கலாம் என்று விரலை வைத்தேன்.

விரலோடு பொத்தான் வந்தது. கழன்று வரவில்லை, வெயிலில் வைத்த மிட்டாய் மாதிரி இழுபட்டு வந்தது. அடுத்ததைத் தொட்டேன், அதுவும் வந்தது. பளபளப்பெல்லாம் பெர்க்கில் மிதந்தது. கோட்டில் நாலு வெள்ளிக் கொக்கி மட்டும் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. அவற்றைச் சுற்றி வெள்ளைப் பசை.

நியாயமாக எனக்கு அப்போது நெஞ்சு நின்றிருக்க வேண்டும். தலைக்குள் பெர்க்கு ஏறியிருந்ததால் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டுகிறார்கள்.

திறந்தேன். கபிரியேல் மாமா, பின்னால் மாமி. தையல்காரர் கை அளவு சரிபார்க்க வேண்டும் என்றாராம், கோட்டை வாங்கிப்போக வந்திருந்தார்கள். அவர்கள் பார்த்த காட்சி இது: நனைந்த பனியனோடு மாப்பிள்ளை, கண் இரண்டும் சிவந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறான், சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்குள்ளிருந்து இனிப்பாக ஒரு நெடி வருகிறது. மதுவிலக்கு மறுபடியும் வந்திருந்த சமயம் வேறு.

“சேசுவே! மாப்ள குடிச்சிருக்காருங்க!” என்றார் மாமி.

“ஊதும்,” என்றார் மாமா.

ஊதினேன். மாமா முகர்ந்தார். முகத்தைச் சுளித்து மறுபடி முகர்ந்தார். கொழும்பு வரைக்கும் போய்வந்த மூக்கு அது, ஆனால் இந்தச் சரக்கு அதற்குப் பிடிபடவில்லை. “இது எந்த ஊரு சரக்குடே?” என்றார்.

“மாமா,” என்றேன், மிகவும் அன்பாக. “உங்க முத்து கரைஞ்சு போச்சு.” சொல்லிவிட்டுக் கோட்டைத் தூக்கிக் காட்டினேன்.

மாமா கொக்கிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். பாவம், விளக்கம் கேட்கிறார் என்று நினைத்து விளக்கினேன். முத்து கால்சியம் கார்பனேட் என்றேன். அது பெர்க்கில் கரையாது, இது கரைந்துவிட்டது, ஆகவே... என்று விரலை நீட்டிப் பாடம் நடத்தி, கடைசியில் அந்த வாக்கியத்தையும் சொன்னேன்.

“அது முத்தே இல்ல மாமா.”

“ஏலே!” என்றார். (‘மருமகனே’ என்பது ‘ஏலே’ ஆவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்று தெரிந்துகொண்டேன். நேரமே ஆகாது.) “எங்க தாத்தா முத்தைப் போலிங்கியா? முத்தைக் களவாண்டு வச்சுக்கிட்டு, கோந்தைத் தேச்சுக் கதை விடுதியா? குடிகாரப் பயலே! மூணு ஓலை வாசிச்சா முடிஞ்சு போச்சா? தடை சொல்ல இன்னும் நேரம் இருக்கு. நடலே சாமியாருட்ட! அந்த டின்னையும் எடு, அதான் சாட்சி!”

டின்னில் இன்னும் பாதிப் பெர்க்கு இருந்தது. ஒரு கையில் டின், ஒரு கையில் சொட்டச் சொட்டக் கோட்டு. மாமா என் தோளைப் பிடித்துத் தள்ள, மாமி முந்தானையைக் கடித்துக்கொண்டு பின்னால் வர, பட்டப்பகல்போல வெளிச்சம் இருந்த சாயங்காலத்தில் தெரு வழியே போனோம். கோயில் தெருவுக்குள் திரும்பும்போது கடற்காற்று முகத்தில் அடித்தது. அடிக்க அடிக்கத் தலை தெளிந்தது. தெளியத் தெளியத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. ரெஜினா எனக்கு இல்லையென்று ஆகப்போகிறது. அந்தச் சிரிப்பை இனி நான் கேட்கப் போவதில்லை. ஒரு திரவத்தைப் பற்றிப் பெருமை பேசித் தொலைத்ததற்காக ஒரு பெண்ணைத் தொலைக்கப் போகிறேன். நிஜமாகவே கண்ணில் நீர் வந்தது. அதைப் பார்த்தும், குடிகாரன் அழுகிறான் என்றுதான் தெரு நினைத்திருக்கும்.

பங்குச் சாமியார் வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மாமா மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார். சாமியார் டின்னை வாங்கி ஒருமுறை முகர்ந்தார்.

“இது சாராயம் இல்ல கபிரியேல். பெருநாள் அங்கிய வெளுக்கக் குடுத்து வாங்கினா இதே வாடைதான் அடிக்கும்.”

“அப்ப குடிகாரன் இல்ல, கள்ளன்,” என்றார் மாமா, கொஞ்சமும் அசராமல். “என்கிட்ட அஞ்சாவது முத்து இருக்கு சாமி. இந்தத் தண்ணிக்குள்ள போடுவோம். கரையலன்னா இவன் முத்தைத் திருடிட்டுப் பொய் சொல்லுதான். கரைஞ்சா, முத்தைக் கரைக்கித தண்ணியில போட்டுக் கழுவின மடையன். ரெண்டுல எதுவானாலும் என் மகளைக் குடுக்க மாட்டேன்.”

திருடனா, மடையனா என்பதுதான் கேள்வி. மூன்றாவதாக ஒரு வழி எனக்கு வைக்கவே இல்லை.

“அஞ்சாவது எதுக்குங்க இப்ப? விடுங்க, போவட்டும்,” என்று மாமி கெஞ்சினார். மாமா இடுப்புச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்து, ரெஜினாவிடம் சொல்லி எடுத்துவரச் சொன்னார். வீடு அடுத்த தெருதான். மாமி மனசே இல்லாமல் போனார். கொஞ்ச நேரத்தில் ரெஜினா முன்னால் வந்தாள், உள்ளங்கையில் ஒரு சின்ன டப்பா. மாமி வெகுதூரம் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

ரெஜினா என்னைத் தாண்டும்போது நின்றாள். நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“குடிச்சீங்களா?”

“இல்ல. மோந்துட்டேன்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு டப்பாவை அப்பாவிடம் கொடுத்தாள். சாமியார் தேநீர் டம்ளரைக் கழுவித் துடைத்து வைத்தார். நான் பெர்க்கை ஊற்றினேன், பாதி மேசையில் போனது. மாமா ஐந்தாவது முத்தை உள்ளே போட்டார். மங்கலாக, லேசாக மஞ்சள் ஓடியிருந்த முத்து. அது டொக்கென்று அடியில் போய் உட்கார்ந்தது.

காத்திருந்தோம். கோயில் முற்றத்தில் பூவரச இலை விழுவதெல்லாம் கேட்டது. அரைமணி ஆனதும் மாமா ஒரு கரண்டியால் முத்தை எடுத்து, துண்டில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தார். போட்டபடியே இருந்தது.

“பாத்தீங்களா சாமி! கரையல!” என்று வராந்தாவே அதிரக் கத்தினார். “முத்து இதுல கரையாது! இவன் கள்ளன்!”

“சரி,” என்றார் சாமியார். என் கையிலிருந்த கோட்டை வாங்கி மடியில் விரித்தார். கொக்கியைச் சுற்றியிருந்த பசையை நகத்தால் கொஞ்சம் சுரண்டி விரலில் உருட்டினார். அது இன்னும் லேசாகப் பளபளத்தது. அதை டம்ளருக்குள் போட்டார். இறங்கவில்லை, மேலேயே மிதந்தது. பிறகு ஓரத்திலிருந்து இளகிக் காணாமல் போக ஆரம்பித்தது.

“முத்து கரையாதுன்னு நீரே சொல்லுதீரு. அப்ப இங்கன கரையுதே, இது என்ன, கபிரியேல்?”

மாமா முத்தைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியாக மெல்லத் திரும்பி மாமியைப் பார்த்தார்.

மாமி அதற்குள் வராந்தாப் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்திருந்தார். விஷயம் இதுதான். மூத்த மருமகன் கல்யாணம் ஆன கையோடு, கோட்டும் பொத்தானுமாகப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு குலசேகரன்பட்டினத்தில் சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போயிருக்கிறார். அங்கே கட்டுமரத்தில் ஏறிப் பார்க்க ஆசை. புழுக்கமாக இருக்கிறது என்று கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தவரை ஒரு அலை நனைத்தது. அடுத்த அலை கோட்டைக் கொண்டுபோய்விட்டது.

“முத்து வந்த எடத்துக்கே திரும்பப் போயிருச்சுங்க,” என்று விசும்பினார் மாமி. “உங்ககிட்டச் சொன்னா அவரக் கொன்னு போட்டுருவீங்க. அதான் பேன்சிக் கடையில பிளாஸ்டிக்ல போலி முத்து வாங்கி, தட்டாருட்டக் குடுத்துக் கொக்கி போட்டு...”

எத்தனை வருஷமாக என்று எல்லோரும் மனசுக்குள் கணக்குப் போட்டோம். அத்தனை வருஷமும் கபிரியேல் மாமா பிளாஸ்டிக் பொத்தானை ஊரெல்லாம் காட்டி, பத்தடி தள்ளி நின்று முத்துப் பார்க்கும் கண்ணைப் பற்றிப் பேசியிருக்கிறார். நிஜ முத்தை, பாவம், சோர்ந்துபோய்விட்டது என்று அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. என்னைத் திருடன் என்று அவர் கத்தியபோதுகூட நான் இவ்வளவு கஷ்டப்படவில்லை.

“அப்ப தடைய எழுதிக்கிடவா?” என்றார் சாமியார், முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல்.

மாமா முத்தை டப்பாவுக்குள் வைத்து மூடினார். கல்யாணம் நின்றால் ஊர் காரணம் கேட்கும். காரணம் சொன்னால் பொத்தானைச் சொல்ல வேண்டும். பொத்தானைச் சொன்னால் அந்தக் கண்ணைச் சொல்ல வேண்டும்.

“என்ன தடை?” என்றார் கடைசியில். “மருமகன் தங்கமான பையன். ஒரு தடையும் இல்ல. சாமி, இங்கன நடந்ததெல்லாம் பாவசங்கீர்த்தனக் கணக்குல வச்சுக்கிடுங்க. வெளிய போவக் கூடாது.”

“அதுல பாவம் செஞ்சவங்கதானடே வந்து சொல்லணும்?” என்றார் சாமியார். “இங்க யாரு செஞ்சா?”

அப்போதுதான் ரெஜினா சிரித்தாள். கதவு எதுவும் மறைக்காமல், பக்கத்தில் நின்று. மாமி அழுகையோடு சிரித்தார். மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உறுமினார். அது சிரிப்புதான் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கல்யாணப் போட்டோவில் என் கோட்டில் மேலே ஒரு மங்கலான முத்துப் பொத்தானும் கீழே மூன்று சாதாரணக் கறுப்புப் பொத்தானும் இருக்கும். “ஒண்ணு போதும்னு மருமகன் சொல்லிட்டாரு. எளிமையான மனுஷன்,” என்று மாமா வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கோட்டை நான் சரியாகக் காற்றாட விடாமல் பெட்டியில் மடித்து வைத்துவிட்டேன். பீடத்துக்கு முன்னால் மெழுகுவர்த்திச் சூட்டில் அதிலிருந்து பெர்க்கு கிளம்பியது. கல்யாண வாக்குறுதியான வார்த்தைப்பாடு கொடுக்கும்போது ரெஜினா கிளுக்கென்று சிரித்துவிட்டாள். அது பெர்க்கின் வேலையா, என் மூஞ்சியின் வேலையா என்று எத்தனை தடவை கேட்டும் சொன்னதில்லை.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும், கேட்கிறவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். “வாளியில போட்டுப் பாப்பமா?” மகன் மார்க் சொன்னால், கொழுந்தியா கணவர் கப்பலில் புயலைச் சமாளித்த கதையைச் சொன்னால், வீட்டு விசேஷத்தில் யாராவது சம்பளத்தைச் சொன்னால், வாளி வந்துவிடும். கபிரியேல் மாமாவே கடைசிக் காலத்தில், டாக்டர் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னதற்கு, “வாளியில போட்டுப் பாக்கணும் டாக்டர்,” என்றார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் வெளியே வந்து சிரித்தோம். அப்புறம் அழுதோம்.

இதை எழுதி முடித்ததும் ரெஜினாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள்.

“வாளியில போட்டா பாதி கரையும்,” என்றாள்.

“மீதிப் பாதி?”

“அந்தத் தீக்குச்சி போட்டப்ப நான் சிரிச்சேன்லா? அது கரையாது.”